பாதிச் சம்பளத்துக்கு வந்த உதவியாள்

ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் ‘செந்தலையர் சங்கம்’ 1891-ல் லண்டன் ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் வெளிவந்தது. கானன் டாயில் தமக்குப் பிடித்தவற்றை 1927-ல் வரிசைப்படுத்தியபோது இதற்கு இரண்டாம் இடம்.

அடகுக் கடைக்காரர் வில்சனுக்குத் தலைமயிர் சிவப்பு. அதற்காகவே ஒரு வேலை கிடைக்கிறது. காலை 10 முதல் பகல் 2 வரை நகராமல் உட்கார்ந்து கலைக்களஞ்சியத்தைப் பிரதி எடுக்க வேண்டும். வாரம் 4 பவுன். பேனாவும் மையும் சொந்தச் செலவு! 8 வாரம் கழித்து ஒரு காலை கதவு பூட்டியிருக்கிறது; சங்கம் கலைந்ததாக ஓர் அட்டை. புது விலாசம் என்று சொன்ன இடத்துக்கு ஓடினால், அங்கே செயற்கை முழங்கால் சில்லு செய்கிறார்கள்.

இதைக் கேட்டு ஹோம்ஸும் வாட்சனும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். பேனா பிடித்துப் பிழைக்கும் வாசகருக்கு அவ்வளவு சிரிப்பு வராது. வாரம் 4 பவுன் போயிற்றே!

அவரை உலுக்குவது வேறு இடம். வில்சனின் கடை உதவியாள் தொழில் பழகுவதாகச் சொல்லிப் பாதிச் சம்பளத்துக்கு வந்தவன், படு கெட்டிக்காரன். முதலாளிக்கு அதில் லாபம்தான் தெரிந்தது. ஹோம்ஸ் சந்தேகப்பட்டதோ அந்தப் பாதிச் சம்பளத்தைத்தான். முதலாளியை வெளியே அனுப்பிவிட்டு, நிலவறையிலிருந்து பாங்கிக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தான் அவன்.

ஒன்று இடிக்கிறது. வேலை விளம்பரத்தின் தேதி 1890 ஏப்ரல் 27. சங்கம் கலைந்தது அக்டோபர் 9. இடையில் 8 வாரம்தானாம்! எழுத்தாளர் டாரதி சேயர்ஸ் இந்தத் தேதிக் குழப்பத்துக்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். லீவுக் கணக்குப் பார்த்துப் பழகிய குமாஸ்தாவின் கண்ணுக்கு அது தானாகவே தட்டுப்பட்டுவிடும்.