அநீதி இழைத்தவர் நம்மவராயின்...?

பிற சமயத்தாருடன் கூடி அமர்ந்து உரையாடுவது நல்லது என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. மேடைகளில் ஒன்றாக வீற்றிருக்கின்றோம். பெருநாள்களில் வாழ்த்துரைத்து விருந்தளிக்கின்றோம். இவை யாவும் வேண்டப்படுவனவே. ஆயினும் இந்த நட்புக்கு ஒரு சோதனை உண்டு. பிற சமயத்தவர் ஒருவருக்கு அநீதி நேர்கின்றது. அதனை இழைத்தவரோ நம்மவர். அவ்வேளையில் நாம் எப்பக்கம் நிற்போம்? வாசக அன்பர்களே! இவ்வினாவிற்கு அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வு தரும் விடையைச் சற்றே சிந்திப்போம்.

மலைமீது எழுந்த குரல்

அண்ணலார் நபித்துவம் பெறுவதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது இது. யமன் நாட்டு வணிகர் ஒருவர் சரக்குடன் மக்கமா நகர் வந்தார். குறைஷித் தலைவருள் ஒருவனான ஆஸ் இப்னு வாயில் அச்சரக்கை வாங்கிக்கொண்டு, விலையைத் தர மறுத்துவிட்டான். குலத்தின் வாளே மனிதனுக்குக் காவலாயிருந்த காலம் அது. அந்த அயலாருக்காகப் பேசுவதற்கு மக்காவில் குலமும் இல்லை; உறவும் இல்லை. ஆஸின் நட்புக் குலத்தாரிடம் முறையிட்டார். அவர்களோ அவரையே கடிந்து அனுப்பினர். வேறு வழி காணாத வணிகர், குறைஷியர் கஅபாவைச் சூழ அமர்ந்திருந்த காலை வேளையில், அருகிலுள்ள அபூகுபைஸ் மலைமீது ஏறி நின்று, தமக்கு நேர்ந்த கொடுமையை உரத்த குரலில் எடுத்துரைத்தார்.

அக்குரல் சிலருடைய உள்ளத்தைச் சுட்டது. அண்ணலாரின் தந்தையாருடன் பிறந்தவரான ஸுபைர் இப்னு அப்துல் முத்தலிப் முன்னின்று அழைக்க, ஹாஷிம், முத்தலிப், அஸத், ஸுஹ்ரா, தைம் ஆகிய கிளையினர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பாரின் இல்லத்தில் கூடினர். அநீதிக்கு ஆளானவர் உள்ளூராராயினும் வெளியூராராயினும், அவருக்குரியது அவர் கையில் சேரும்வரை அவர் பக்கமே நிற்பதென இறைவன்மீது ஆணையிட்டனர். பின்னர் நேரே ஆஸிடம் சென்று, பொருளை மீட்டு வணிகரிடம் ஒப்படைத்தனர். ஹில்ஃபுல் ஃபுளூல் என வரலாறு போற்றும் உடன்படிக்கை இதுவே. ஏறத்தாழ 20 வயது இளைஞராயிருந்த அண்ணலாரும் அவ்வவையில் இருந்தார்கள்.

இங்கே ஒன்றை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அந்த அவையில் கூடியவர்கள் ஏகத்துவத்தை ஏற்றவர்கள் அல்லர். கஅபாவில் சிலைகள் நிறைந்திருந்த நாள்கள் அவை. எனினும், நபித்துவம் பெற்ற பின்னரும் பெருமானார் அவ்வுடன்படிக்கையை மறந்தார்களில்லை. அரபியர் பெருஞ்செல்வமாகக் கருதிய செந்நிற ஒட்டகங்களைத் தந்தாலும் அதற்கு ஈடாகாது என்றும், இஸ்லாம் வந்த பின்னர் அதன் பெயரால் அழைக்கப்பட்டாலும் தாம் செல்வதாகவும் கூறினார்கள். கொள்கையில் அணுவளவும் நெகிழாத அண்ணலார், நீதிக்காகப் பிறருடன் கைகோப்பதைக் கொள்கைக்குக் குறைவெனக் கருதவில்லை. நமக்கு இதனினும் தெளிவான வழிகாட்டல் வேண்டுமோ?

மாவு சிந்திய தடம்

மக்காவிலே அநீதி இழைத்தவன் இறைமறுப்பாளன். மதீனாவிலோ, சோதனை முஸ்லிம்களின் வீட்டுக்குள்ளேயே வந்தது. திருமறை விரிவுரையாளர் பலர் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி இது. அன்ஸாரிகளைச் சேர்ந்த ளஃபர் குலத்தில் துஃமா என்றொருவன் இருந்தான். அண்டை வீட்டில், மாவுப் பைக்குள் வைத்திருந்த போர்க் கவசமொன்றை அவன் களவாடினான். பையில் இருந்த கிழிசல் வழியே மாவு சிந்திக்கொண்டே சென்றது. கவசத்தை யூதர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியாதென்று சத்தியம் செய்தான். மாவின் தடம் யூதரின் இல்லத்தைக் காட்டிற்று. கவசமும் அங்கேயே கிடைத்தது. துஃமாதான் தந்தான் என்று அவர் உரைத்ததை யார் நம்புவர்? துஃமாவின் குலத்தாரோ திரண்டு வந்து, தம்மவனுக்காகப் பரிந்து பேசும்படி அண்ணலாரை வேண்டினர்.

அப்போது இறைவனின் வாக்கு இறங்கிற்று. அந்நிஸா என்னும் 4ஆம் அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதலாக வரும் பகுதி அது. மோசடி செய்வோருக்காக வழக்காட வேண்டாம் எனவும், தன் குற்றத்தை நிரபராதியின் தலைமீது சுமத்துகிறவன் பெரும் பழியைச் சுமக்கின்றான் எனவும் அது எச்சரித்தது. யூதர் குற்றமற்றவரெனத் தெளிவாயிற்று. முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் இடையே கசப்பு நிலவிய காலம் அது என்பதை எண்ணிப் பாருங்கள். தம்மவனைக் காப்பது சமுதாயத்தின் மானத்தைக் காப்பதாகும் என்று குலத்தார் கருதினர். நீதியைக் காப்பதே சமுதாயத்தின் மானம் என்று இறைவன் கற்பித்தான். பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அதே அத்தியாயம் கட்டளையிடுகின்றது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று அல்மாயிதா அத்தியாயம் அறிவுறுத்துகின்றது.

உரையாடலின் கனி

நஜ்ரான் பகுதியிலிருந்து கிறித்தவத் தூதுக்குழுவொன்று மதீனா வந்தது. அவர்களது தொழுகை வேளை வந்தபோது, நபியவர்களின் பள்ளிவாசலிலேயே கிழக்கு நோக்கித் தொழ எழுந்தனர். தோழர்கள் தடுக்க முனைந்தனர். அண்ணலாரோ, அவர்களை விட்டுவிடுமாறு கூறினார்கள். ஈஸா நபி (அலை) அவர்களைப் பற்றி இரு தரப்பாரும் விரிவாக உரையாடினர். கருத்து ஒன்றுபடவில்லை. ஆயினும் பகை மூளவில்லை, உடன்படிக்கை பிறந்தது.

விடைபெறும்போது அவர்கள் கேட்டது யாது தெரியுமா? தங்களுக்குள் எழும் பொருள் வழக்குகளைத் தீர்க்க, நம்பிக்கைக்குரிய ஒருவரைத் தங்களுடன் அனுப்புமாறு வேண்டினர். அண்ணலார் அபூ உபைதா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். சமயத்தால் வேறுபட்டவர், தம் வழக்கை ஒரு முஸ்லிமின் கையில் ஒப்படைக்கத் துணிந்தனர். சமய உரையாடலுக்கு இதைவிட இனிய கனி வேறு உண்டோ?

நம் கடமை

அந்தப் பழைய உடன்படிக்கையின் பெயர் இன்றும் வாழ்கின்றது. 2019 டிசம்பரில் அபூதபியில் முஸ்லிம், கிறித்தவ, யூத சமய அறிஞர்கள் கூடி வெளியிட்ட சாசனத்திற்குப் புதிய ஹில்ஃபுல் ஃபுளூல் என்றே பெயரிட்டனர். மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆனால், முதல் உடன்படிக்கை சாசனத்துக்காகப் பிறந்ததன்று. ஓர் ஏழை அயலானுக்கு வரவேண்டிய விலைக்காகப் பிறந்தது. ஆதலின் அதன் சோதனைக் களம் நம் தெருவும் கடையும் வீடுமே.

நம் வீட்டில் வேலை செய்யும் பிற சமயப் பெண்ணின் கூலி நாள் தவறாமல் அவள் கைக்குச் செல்கின்றதா? வீட்டைக் காலி செய்தவரின் முன்பணம் குறையாமல் திரும்புகின்றதா? மதத்தைக் காட்டி வீடும் வேலையும் மறுக்கப்படும் வேதனையை அறிந்த நாம், சாதியையோ சமயத்தையோ காட்டிப் பிறருக்கு அவற்றை மறுக்கலாமா? நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்மீது அயலார் ஒருவர் முறையிட்டு வந்தால், "நம்மவர்" என்று முகம் திருப்புகின்றோமா, அமர்த்தி வைத்து வழக்கைக் கேட்கின்றோமா? நமக்கு அநீதி நேர்கையில் பிறர் நம் பக்கம் நிற்க வேண்டுமென எதிர்பார்க்கும் நாம், இவ்வினாக்களைத் தட்டிக்கழிக்க இயலாது.

அபூகுபைஸ் மலைமீது எழுந்த குரல் இன்றும் எங்கோ ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றது. அதனைக் கேட்கும் செவியையும், கேட்டபின் எழுந்து நடக்கும் துணிவையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.