எரிகாவுக்கு எத்தனை பெயர்?

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தையல் இயந்திரமும் சைக்கிளும் செய்து பெயர் வாங்கிய சைடல் அண்ட் நௌமன் நிறுவனம், 1910-இல் ஒரு குட்டி டைப்ரைட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நிறுவனர் நௌமனின் பேத்தி பெயரே அதற்கும்: எரிகா. மேல்பாகத்தை விசைகளின் மேல் மடக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், கையோடு தூக்கிச் செல்லலாம். அதே எரிகா வெளிநாட்டுக் கடைகளில் பிஜூ, குளோரியா என்று வேறு பெயர்களில் விலைபோனது. பழைய ஜெர்மன் டைப்ரைட்டர்களைத் தேடிச் சேர்ப்பவர்களுக்கு முதல் தலைவலி இதுதான். நெற்றியில் பொறித்த பெயரை நம்பி எதையும் சொல்லிவிட முடியாது.

தமிழ் டைப்ரைட்டர் பிறந்த கதையிலும் இந்த நிறுவனத்துக்குப் பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா, புள்ளியையும் மேல்விலங்கையும் அடிக்கும்போது காகிதம் நகராமல் நிற்கும் ‘நகரா விசை’யை வகுத்துத் தமிழ் விசைப்பலகையை அமைத்தார். அந்த இயந்திரங்களைச் செய்துகொடுத்தது சைடல் அண்ட் நௌமன்.

பெயர்க் குழப்பத்தில் ஒலிம்பியாவை மிஞ்ச ஆளில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் அது எர்ஃபுர்ட் நகரத்துச் சரக்கு. நாடு இரண்டானபின் மேற்கே வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் புதிய ஆலை எழுந்தது. பெயருக்கு இரண்டு பக்கமும் உரிமை கொண்டாட, கடைசியில் எர்ஃபுர்ட் ஆலை ‘ஆப்டிமா’ ஆனது. எனவே ஒலிம்பியா என்ற பெயரைப் பார்த்ததும் அனுபவசாலிகள் ஊர்ப்பெயரைத் தேடுவார்கள். அடுத்து, உடம்பில் பொறித்த வரிசை எண். ஆலைவாரியாகத் தொகுத்த எண் பட்டியல்களோடு ஒப்பிட்டால், செய்த ஆண்டு பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

எண் தேய்ந்துபோயிருந்தால்? அப்போது இயந்திரத்தின் நடையே சாட்சி. பிராங்க்ஃபர்ட் சைக்கிள் முதலாளி ஹைன்ரிஷ் கிளெயரின் ‘அட்லர் 7’-இல் எழுத்துக்கோல்கள் கீழிருந்து துள்ளி எழுவதில்லை. படுத்தவாக்கில் நேராக முன்னே பாய்ந்து காகிதத்தைக் குத்தும். ஒவ்வொரு கோலிலும் மூன்று எழுத்துகள் இருப்பதால், விசைகள் மூன்றே வரிசையில் அடங்கிவிட்டன. அமெரிக்கரான கிட்டர் வடிவமைத்த இந்த ஏற்பாட்டைக் கிளெயர் உரிமம் பெற்றுச் செய்தார். அமெரிக்காவில் இதற்கு வெலிங்டன் என்று பெயர், கனடாவில் எம்பயர்!

ஏ.இ.ஜி. நிறுவனத்தின் ‘மிஞ்ஞோன்’ இன்னும் விசித்திரம். எழுத்துக்கு ஒரு விசை என்பதே அதில் கிடையாது. இடக்கை ஒரு முள்ளை எழுத்து அட்டையின் மேல் நகர்த்தும். அதற்கேற்ப ஓர் உலோக உருளை சுழன்று நிற்கும். வலக்கை விசையைத் தட்டினால் எழுத்து விழும். உருளையையும் அட்டையையும் மாற்றினால் வேறு எழுத்து வடிவம், ஏன், வேறு மொழியே வரும். இதை வடிவமைத்த ஹெஃப்னர் ஆல்ட்டெனெக், ஒளியை அளக்கும் ‘ஹெஃப்னர் விளக்கை’த் தந்த அதே பொறியாளர். மெதுவான இயந்திரம்தான், ஆனால் விலை குறைவு. 1934 வரை விற்றது.

விசைகளின் வரிசை இன்னொரு தடயம். ஆங்கில அமைப்பில் ஒய் இருக்கும் இடத்தில் இசட் இருந்து, தலையில் இரட்டைப் புள்ளியோடு ஏ, ஓ, யு விசைகளும் இருந்தால், அது ஜெர்மன் மொழி எழுதுவோருக்காகச் செய்தது. இந்தத் தடயங்கள் இல்லாவிட்டால் ஏற்றுமதிச் சரக்காக இருக்கலாம்.

தட்டிய தாளை வைத்தே இயந்திரத்தைக் கண்டுபிடிப்பது போலீஸ் நிபுணர்களின் வேலை. எழுத்தின் உருவம், இடைவெளி, தேய்மானம் மூன்றும் காட்டிக்கொடுக்கும். 2006-இல் வந்த ‘மற்றவர்களின் வாழ்க்கை’ என்ற ஜெர்மன் படத்தில், கிழக்கு ஜெர்மன் உளவுத்துறைக்குப் பயந்து நாடகாசிரியர் ஒருவர் கடத்திவந்த குட்டி டைப்ரைட்டரில் எழுதுகிறார். வேடிக்கை என்னவென்றால், மேற்கிலிருந்து வந்த அந்த ‘குரோமா கோலிப்ரி’ கிழக்கு ஜெர்மனியிலேயே செய்ததுதான்.

ஆர்வம் மிகுந்த இடத்தில் போலிகளும் வந்துவிடுகின்றன. நாஜிக் காலத்துச் சில இயந்திரங்களில் எண் விசை ஒன்றின் மேல் எஸ்.எஸ். படையின் மின்னல் குறி இருக்கும். அதற்கு விலை அதிகம் என்பதால், சாதாரண இயந்திரத்தில் அந்த எழுத்துத் துண்டைப் பற்றவைத்து விற்கிறார்கள். விவரமறிந்தவர்கள் விசையின் மூடியைப் பார்த்து மயங்குவதில்லை. உள்ளே எழுத்துக்கோலின் நுனியில், பக்கத்துக் கோல்களில் இல்லாத புதுப் பற்றவைப்புத் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ணுகிறார்கள்.