அமுதசுரபியைத் தேடி ஒரு பிறந்தநாள்

பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் விழா எடுப்பது, ஐந்து வயதுக் குழந்தைக்கு எடுப்பதைவிடக் கடினமானது. குழந்தைக்குப் பலூனும் அணிச்சலும் போதும். இடைநிலைப்பள்ளி மாணவருக்கோ பலூனைக் கண்டாலே வெட்கம். நண்பர்கள் முன்னிலையில் அத்தைமார் வரிசையாக நின்று அணிச்சல் ஊட்டினால் இன்னும் வெட்கம். அதற்காக, “எனக்கு ஒன்றுமே வேண்டாம்” என்று சொல்லும் பிள்ளை உண்மையிலேயே ஒன்றும் வேண்டாம் என்று நினைப்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல வழி உண்டு. அதுதான் மாய உலக விருந்து.

நம்மில் பலர் கல்விக்காக வீட்டைவிட்டு வந்திருந்தாலும், தம்பி தங்கையரின் பிறந்தநாள் பொறுப்பு பெரும்பாலும் நம் தலையில்தான் விழுகிறது. “நீயே பார்த்துச் செய்” என்று பெற்றோர் சொல்லிவிடுகின்றனர். ஆகவே, அண்ணன்மாரும் அக்காமாரும் செய்து பார்க்கக்கூடிய முறை ஒன்றை இக்கட்டுரையில் விளக்க விழைகிறேன்.

மாய உலக விருந்து என்றால் என்ன?

வருகின்ற நண்பர்கள் அனைவரும் இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒரு கதைக்குள் நுழைந்து, அதில் வரும் பாத்திரங்களாக நடந்துகொள்வதே மாய உலக விருந்து. 1997-ஆம் ஆண்டு ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல் வெளிவந்த பிறகு இத்தகைய விருந்துகள் உலகெங்கும் பரவின. 2001-இல் ஹாரி பாட்டரும் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையும் திரைக்கு வந்ததும் நம் நாட்டு இளையோரையும் இந்த ஆர்வம் பற்றிக்கொண்டது.

ஆனால், கடையில் கூர்தொப்பியும் மந்திரக்கோலும் வாங்கி மாட்டிவிட்டால் மட்டும் மாய உலகம் பிறந்துவிடாது. படம் பிடித்து முடிக்கும் வரைதான் அந்தத் தொப்பிக்கு ஆயுள். பிறகு ஆளுக்கொரு மூலையில் கைத்தொலைபேசியுடன் உட்கார்ந்துவிடுவார்கள். பதின்ம வயதினரைக் கதைக்குள் பிடித்து வைக்க மூன்று கூறுகள் தேவை. முதலாவது, எல்லாரும் சேர்ந்து தேட வேண்டிய ஒரு பொருள். இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. மூன்றாவது, தேடியது கிடைத்தபின் அதனால் நிகழும் ஒரு நல்ல முடிவு. இம்மூன்றும் இருந்தால் அலங்காரம் குறைவாக இருந்தாலும் பாதகமில்லை.

கதைக்கு எங்கே போவது?

முதலில் பிறந்தநாள் பிள்ளையைக் கேட்க வேண்டும். அவர் ஹாரி பாட்டர்தான் வேண்டும் என்றால் அதையே செய்யலாம், விழா அவருடையது. ஆயினும், கேட்கும்போது நம்மிடம் உள்ள கதை ஒன்றையும் முன்வைப்பதில் தவறில்லையே! மாயக் கதை என்றாலே அது ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்று நம் தம்பி தங்கையர் எண்ணுவதற்கு, நாம் வேறு எதையும் காட்டாததும் ஒரு காரணம்.

மணிமேகலையை எடுத்துக்கொள்வோம். தேர்வுக்காக ஐம்பெருங்காப்பியங்களின் பெயர்களை வரிசையாக மனனம் செய்த நம்மில் எத்தனை பேர், அது ஓர் அற்புதமான மாயக் கதை என்று கவனித்திருக்கிறோம்? அரசகுமாரன் பின்தொடரும் இளம்பெண் ஒருத்தியை, அவள் உறங்கும்போது ஒரு கடல் தெய்வம் வான்வழியே மணிபல்லவம் என்னும் தீவுக்குக் கொண்டு சேர்க்கிறது. அங்குள்ள பீடிகை அவளுக்கு முற்பிறப்பைக் காட்டுகிறது. வேற்றுரு கொள்ளவும், வானில் செல்லவும், பசியை வெல்லவும் மூன்று மந்திரங்கள் அவளுக்குக் கிடைக்கின்றன. கோமுகி என்னும் பொய்கையிலிருந்து, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. அதைக்கொண்டு அவள் தீராப் பசியால் வாடும் காயசண்டிகையின் நோயைத் தீர்க்கிறாள். பின்னர்ச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றுகிறாள்.

இக்கதைக்கும் நாம் வாழும் வட்டாரத்திற்கும் ஒரு தொடர்பும் உண்டு. அமுதசுரபியை முன்பு வைத்திருந்தவன் ஆபுத்திரன். சாவக நாட்டில் மழையின்றி மக்கள் பசியால் வாடுவதை அறிந்து, அவன் அங்குச் செல்லக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. பிறருக்கு உதவாத பாத்திரம் தனக்கு எதற்கு என்று அதனைக் கோமுகியில் விட்டு, உண்ணாமல் உயிர் நீத்தான். மறுபிறப்பில் அவன் சாவக நாட்டிலேயே மன்னனானான். மணிமேகலையும் வான்வழியே அங்குச் சென்று அவனைச் சந்தித்தாள். சாவகம் என்பது ஜாவாவும் அதனை ஒட்டிய தீவுகளும் என்பது அறிஞர் பலர் கருத்து. நமக்கு மிக அருகில் வந்து போன கதை இது!

மூன்று மந்திரங்கள், மூன்று விளையாட்டுகள்

கடந்த ஆண்டு என் தங்கையின் பதினைந்தாம் பிறந்தநாளை இக்கதையை வைத்தே நடத்தினோம். வந்தவர்கள் 12 பேர்: மலாய், சீன, தமிழ்த் தோழியர். நால்வர் கொண்ட மூன்று குழுக்களாக அவர்களைப் பிரித்தோம். கதையை ஐந்தே நிமிடத்தில் மலாயில் சொன்னோம். அமுதசுரபி தொலைந்துவிட்டது, கண்டுபிடியுங்கள் என்றோம். ஒவ்வொரு மந்திரத்தையும் ஒரு விளையாட்டாக்கினோம்.

வேற்றுரு மந்திரத்திற்குப் பழைய நாளிதழ், பாத்திக் துணி, மணிலா அட்டை, ஒட்டுநாடா ஆகியவற்றைக் கொடுத்தோம். பதினைந்து நிமிடத்தில் குழுவில் ஒருவரை மாய உயிரினமாக மாற்ற வேண்டும். முன்மாதிரியாக மூன்று படங்களைச் சுவரில் ஒட்டியிருந்தோம். ஒன்று, கோயில் தூண்களில் நாம் காணும் யாளி. மற்றொன்று, சங்கப் பாடல் பேசும் இருதலைப்புள். ஓருடலில் இரு தலை கொண்ட பறவை. மூன்றாவது, கெடாவின் பழங்கதையான மேரோங் மகாவங்சாவில் வரும் கெரோடா என்னும் பெரும்பறவை. அதுதான் நம் கருடன். யாளியை டிராகனின் உறவு என்று சீனத் தோழி ஒருவர் சொல்ல, அதைப் பற்றியே சிறிது நேரம் பேச்சு நடந்தது.

வான்வழி மந்திரத்திற்குக் காகித விமானம். முற்றத்தில் வரைந்த ‘மணிபல்லவம்’ என்னும் வட்டத்திற்குள் விமானத்தை இறக்கும் குழுவுக்கே அடுத்த குறிப்பு கிடைக்கும். பசி மந்திரத்தை விருந்துக்கு ஒதுக்கிவிட்டோம்.

கப்பல், குளம், பெட்டி

குறிப்புகளை எந்த மொழியில் எழுதுவது என்பதே எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. தமிழில் எழுதினால் எட்டுப் பேருக்குப் புரியாது; மலாயில் எழுதினால் தமிழுக்கு அங்கு வேலையில்லை. இரண்டுக்கும் பொதுவான சொற்கள் உதவிக்கு வந்தன. கப்பல் மலாயில் ‘காப்பால்’. குளம் ‘கோலாம்’. பெட்டி ‘பெத்தி’. இவை தமிழிலிருந்து மலாய்க்குச் சென்ற சொற்கள்.

ஆகவே, ஒவ்வொரு அட்டையிலும் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதினோம். ஒவ்வொரு குழுவிலும் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருக்குமாறு பார்த்துக்கொண்டோம். விதி இதுதான்: அவர் உரக்க வாசிக்கலாம், பொருள் சொல்லக்கூடாது. “கப்பல்” என்று வாசித்ததும் மற்றவர்கள் “காப்பால்!” என்று கூவிக்கொண்டு புத்தக அலமாரியில் இருந்த காகிதக் கப்பலிடம் ஓடினர். அதில் “குளம்” என்ற அட்டை. அது பூக்கள் மிதக்கும் நீர்த்தொட்டிக்கு அனுப்பியது. அங்கிருந்து “பெட்டி”. பெட்டிக்குள் பாட்டியின் பித்தளைப் பாத்திரம், அதுவே அமுதசுரபி.

ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்று, பின்னர்த் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள் நான். அங்கிருந்த ஐந்தாண்டுகளில், நண்பர்கள் நடுவே நான் தமிழை உரக்க வாசித்ததாக நினைவே இல்லை. தமிழ் என்பது தமிழ் வகுப்பு அறையோடு நின்றுவிடும். என் தங்கையும் அப்படித்தான். அன்று மூன்று குழுக்களும் தமிழ் தெரிந்தவரைத் தேடி அழைத்தன. அவர் வாசிக்காமல் விளையாட்டே நகரவில்லை. தாய்மொழிப் பற்றைப் பற்றி நாம் ஆற்றும் உரைகளைவிட அந்த அரைமணி நேரம் என் தங்கைக்குப் பயன்பட்டது என்றே நம்புகிறேன்.

பசி மந்திரம்

விருந்தில் எல்லாரும் ஒரே மேசையிலிருந்து உண்ண முடிய வேண்டும். முஸ்லிம் தோழியர் இருந்தால் இறைச்சியும் அணிச்சலும் ஹலால் சான்றிதழ் பெற்ற கடையிலிருந்து வரட்டும், மாட்டிறைச்சியைத் தவிர்க்கலாம், சைவ உணவுக்குத் தனிக் கரண்டி வையுங்கள். எலுமிச்சைச் சாதம், மீகூன் கோரேங், கோழிப் பொரியல், பழங்கள் என்று எளிமையாக முடித்துக்கொண்டோம்.

அமுதசுரபி கிடைத்தபின் பிறந்தநாள் பெண்ணே முதலில் அனைவருக்கும் பரிமாறினாள். அழைப்பு அனுப்பும்போதே, பரிசுக்குப் பதிலாக அரிசி, பிஸ்கட், பால்மாவு என ஏதேனும் ஓர் உணவுப் பொருள் கொண்டு வருமாறு புலனத்தில் எழுதியிருந்தோம். அவற்றையெல்லாம் அந்தப் பாத்திரத்தைச் சுற்றி அடுக்கி, மறுநாள் முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்தோம். கதையின் முடிவே விழாவின் முடிவாகவும் அமைந்தது.

சில நடைமுறைக் குறிப்புகள்

விழாவைப் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்குள் முடிப்பது நலம். பெண் பிள்ளைகளை இருட்டுவதற்குள் பெற்றோர் அழைத்துச் செல்ல விரும்புவர். பிற்பகலில் மழை வரக்கூடும். ஆகவே எல்லா விளையாட்டும் வரவேற்பறைக்குள்ளும் நடக்கும்படி திட்டமிடுங்கள். பதினைந்து பேருக்கு மேல் அழைக்க வேண்டாம். கூட்டம் பெருகினால் சிலர் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவர். தீபாவளிக்கு வாங்கிய வண்ண விளக்குகளே அலங்காரத்திற்குப் போதும். உணவையும் அணிச்சலையும் தவிர்த்து எங்களுக்கு ஆன செலவு 40 ரிங்கிட்டுக்கும் குறைவு. உறவினர்களை இரவு உணவுக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அத்தைமார் அப்போது ஆசை தீர அணிச்சல் ஊட்டட்டும்!

மாணவ நண்பர்களே, மணிமேகலை மட்டுமன்று. விக்கிரமாதித்தனும் வேதாளமும், பேசும் பதுமைகளும் நம்மிடம் உண்டு. தேர்வுத் தாளோடு அவற்றை மூடி வைத்துவிடாமல், அடுத்த விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது ஒரு கதையை எடுத்துச் செல்வோம். நம் தம்பி தங்கையர் அதற்குள் நுழைந்து விளையாடட்டும். தம் நண்பர்களையும் கைப்பிடித்து அழைத்துச் செல்லட்டும்.