பச்சை, சிவப்பு, செர்ரேட்டா

நண்டு என்றால் எது என்ற கேள்வி அசட்டுத்தனமாகப் படலாம். அரூர்ப் பக்கம் வயல் வரப்பில் வளை தோண்டிக் கிடப்பதும் நண்டுதான், பழவேற்காட்டில் கொடுக்கைக் கயிற்றால் கட்டி விற்பதும் நண்டுதான், இதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம். ஆனால் எதை எதோடு சேர்ப்பது, எதை வைத்துப் பிரிப்பது என்பது ஒருபோதும் அப்பாவித்தனமான காரியமாக இருந்ததில்லை.

தொல்காப்பிய மரபியல் நண்டைத் தும்பியோடு சேர்த்து நான்கறிவு உயிராக வைக்கிறது. தொடுதல், சுவை, மோப்பம், பார்வை உண்டு, செவி இல்லை. இன்றைய விலங்கியலும் இரண்டையும் கணுக்காலிகள் என்ற ஒரே தொகுதியில்தான் வைக்கிறது. உடனே 'அன்றே சொன்னான் தமிழன்' என்று கிளம்பிவிட வேண்டாம். அதே மரபியல் எறும்பை மூவறிவுக்குத் தள்ளித் தும்பியிடமிருந்து பிரித்துவிடுகிறது. விலங்கியலுக்கு எறும்பும் தும்பியும் பூச்சிகள். நண்டுதான் தூரத்துச் சொந்தம். அங்கே அளவுகோல் புலன். இங்கே உடற்கட்டும் வம்சாவளியும். கேள்வி வேறு, அதனால் அடுக்கும் வேறு.

விலங்கியல் மெய்யான நண்டு என்று ஒப்புக்கொள்வது பிராக்கியூரா என்ற குறுவால் கூட்டத்தை மட்டுமே. வயிற்றுப்பகுதி சிறுத்து உடம்புக்கு அடியில் மடிந்து ஒட்டியிருக்கும். நண்டைக் கவிழ்த்துப் போட்டு, மடிப்பு குறுகலா அகலமா என்று பார்த்து ஆண், பெண் சொல்வார்களே, அந்த மடிப்புதான். 2008இல் பீட்டர் இங், டானியேல் கினோ, பீட்டர் டேவி மூவரும் வெளியிட்ட உலகப் பட்டியலில் இவை 6,793 இனங்கள். பெரும்பாலானவை கடலில் வாழ்பவை. காலிச் சங்கில் குடியேறும் நண்டு இந்தக் கணக்கில் வராது. அதன் உறவினர்களில் சில அச்சு அசலாக நண்டு மாதிரியே இருக்கும், அவையும் வராது. நண்டு வடிவம் தனித்தனி வம்சங்களில் பலமுறை தோன்றியிருக்கிறது. 1916இல் போரடெய்ல் இதற்குக் கார்சினைசேஷன் என்று பெயர் வைத்தார். சாயலை வைத்துச் சொந்தம் பேச முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இன்னொரு கூத்தும் நடந்தது. கடல் நண்டின் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு நண்டு மாதிரி இருக்காது. முதுகில் முள்ளோடு மிதந்து திரியும். இதை 1802இல் போஸ்க் சோயியா என்று தனிப் பேரினமாகவே எழுதி வைத்தார். அடுத்த பருவமான மெகலோப்பாவுக்கும் இதே கதி. சோயியா வளர்ந்தால் நண்டு என்று 1820களின் இறுதியில் ஜான் வாகன் தாம்சன் காட்டிய பிறகும் பலர் நம்பத் தயங்கினார்கள். அட்டவணைக்குக் கண்ணுக்குத் தெரிகிற உருவம் மட்டுமே போதும் என்று இருந்தால், பிள்ளையும் தாயும் வேறு வேறு ஜாதியாகிவிடுவார்கள்.

வெளித்தெரியும் வடிவத்தை அட்டவணைப்படுத்திய இயற்கை வரலாறு, உள்ளே மறைந்திருக்கும் அமைப்பைத் தேடும் உயிரியலாக மாறியதைப் பற்றி ஃபூக்கோ 1966இல் 'சொற்களும் பொருள்களும்' நூலில் விரிவாகப் பேசுகிறார். நண்டிலும் அந்த நகர்வு நடந்தது, ரொம்பத் தாமதமாக. 1834இல் மில்ன் எட்வர்ட்ஸ் ஓட்டின், வாயின் வடிவத்தைப் பிரதானமாக வைத்து வகுத்தார். 1970களின் பிற்பகுதியில் கினோ இனப்பெருக்கத் துளை காலடியில் இருக்கிறதா, மார்புத் தகட்டில் இருக்கிறதா என்று பார்த்து மொத்த அடுக்கையும் கலைத்தார். இன்று அதையும் மரபணு மறுபடி சோதிக்கிறது.

இதெல்லாம் பண்டிதர்களின் விவகாரம் என்று ஒதுக்க முடியாததற்குச் சேற்று நண்டு சாட்சி. 1775இல் செங்கடல் நண்டுக்கு ஃபோர்ஸ்கால் வைத்த பெயர் செர்ரேட்டா. இந்தியாவுக்கு வராமலே பெர்லினில் உட்கார்ந்து ஹெர்ப்ஸ்ட் 1796இல் ஒலிவேசியா என்று ஒன்றைச் சொன்னார். டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடி 1798இல் ஃபப்ரீசியஸ் கையால் டிராங்குபாரிக்கா ஆனது. பிறகு பலரும் எல்லாவற்றையும் செர்ரேட்டா என்ற ஒரே மூட்டையில் கட்டினார்கள். 1998இல் கீனன், டேவி, மான் மூவரும் மூட்டையை அவிழ்த்து நான்கு இனங்கள் என்றார்கள். அதற்குப் பிறகும் நம் ஆய்வேடுகளில் குழப்பம் தீரவில்லை. சிறியதைச் செர்ரேட்டா என்றும், பெரியதை டிராங்குபாரிக்கா என்றும் எழுதினோம். 2010களின் மரபணு ஆய்வுகள் வேறு கதை சொல்லின: பெரியதுதான் செர்ரேட்டா, சிறியது ஒலிவேசியா. தரங்கம்பாடியின் பெயரைச் சுமக்கும் இனம் இங்கே பரவலாக இருப்பதே இல்லை என்று ஆனது.

இதற்கிடையில் சந்தை என்ன செய்தது? பச்சை, சிவப்பு என்று இரண்டாகப் பிரித்து, எடை பார்த்து, வேறு வேறு விலை போட்டது. கொடுக்கின் நிறத்தையும், கால்களில் வலைப்பின்னல் கோலம் இருக்கிறதா என்பதையும் கை கண்டுகொண்டது. அந்தக் கோலமும் கொடுக்கின் முட்களும்தான் வகைப்பாட்டு நூல்களும் இப்போது சொல்லும் அடையாளங்கள். ஆக, கரையில் இரண்டாகவே இருந்தது, காகிதத்தில்தான் ஒன்றானது, பிறகு இடம் மாறியது. விளைவு காகிதத்தோடு நிற்காது. செர்ரேட்டா வேகமாக வளர்ந்து பெரிதாகும், ஒலிவேசியா சிறிதாகவே முதிர்ந்துவிடும். பெயரை நம்பிக் குஞ்சு விட்ட குளத்துக்காரருக்குக் கணக்கு உதைக்கும். பிடிக்கலாகாத குறைந்தபட்ச அளவை இரண்டுக்கும் ஒன்றாக வைத்தால், ஒன்றுக்கு அது அநியாயம், மற்றதற்கு அழிவு.

நீலக்கால் நண்டின் கதையும் இதுதான். பெலாஜிக்கஸ் என்ற ஒரே இனமாக உலகெங்கும் எண்ணப்பட்டதை 2010இல் நான்காகப் பிரித்தார்கள். வங்காள விரிகுடாவில் இருப்பது ரெட்டிகுலேட்டஸ்.

மீனவர் பெயர்கள் எல்லாம் சரி, விஞ்ஞானம் தப்பு என்று தலைகீழாக்குவது சோம்பேறித்தனம். சந்தையின் கண் விலை உள்ளதைத்தான் நுணுக்கமாகப் பிரிக்கும். வலையில் வரும் சின்ன நண்டுகளைக் கழிவு என்று ஒரே கூடையில் தள்ளிவிடும். அந்தக் கூடையில் எத்தனை இனங்கள் என்று எண்ணுவது வகைப்பாட்டாளர்தான். அவர் இல்லாவிட்டால் எது அழிகிறது என்று சொல்ல ஆளே இல்லை.

பிச்சாவரம் சதுப்பில் கையால் துழாவி நண்டும் இறாலும் பிடிப்பவர்கள் இருளர்கள். சேற்றுக்குள் விரலாலேயே இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள், தாங்கள் யார் என்ற சாதிச் சான்றிதழுக்கு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருந்தது. நண்டை வகைப்படுத்தும் அறிவும் மனிதரை வகைப்படுத்தும் அதிகாரமும் ஒரே கரையில்தான் வேலை செய்கின்றன. அந்த விரல்களுக்குத் தெரிந்த பெயர்களை, மாதிரியோடு, இடத்தோடு, லத்தீன் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவைக்கும் வேலை பாக்கி இருக்கிறது. தமிழ் படித்தவர்களும் செய்யக்கூடிய வேலைதான் அது.