கொலாஜன் கூடினால் எலும்பு வலுவாகுமா? ஒரே ஓர் எழுத்து மாறியதால் வந்த வினை!

மெடிக்கல் ஷாப், ஷாப்பிங் ஆப், இன்ஸ்டா ரீல்ஸ் என எங்கு திரும்பினாலும் கொலாஜன் பவுடர் விளம்பரம்தான். 'கொலாஜன் கூடினால் தோல் பளபளக்கும், எலும்பு வலுவாகும்' என்கிறார்கள். ஆனால், நம் செல்களுக்குள் நடக்கும் கணக்கே வேறு.

எலும்பிலும் தோலிலும் அதிகம் இருப்பது முதல் வகை கொலாஜன். மூன்று புரத இழைகளை முறுக்கித் திரித்த கயிறு மாதிரி இருக்கும். அதில் ஆல்ஃபா-1 இழை இரண்டு, ஆல்ஃபா-2 இழை ஒன்று. இவற்றுக்கான மரபணுக்கள் பக்கத்தில் பக்கத்தில்கூட இல்லை. ஒன்று 17-வது குரோமோசோமில், இன்னொன்று 7-வதில்! ஆனாலும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு தப்புவதில்லை.

எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துபவை, 'டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்' எனும் புரதங்கள். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். டி.என்.ஏ-வில் தங்களுக்கான இடத்தில் ஒட்டிக்கொண்டு, உற்பத்தியைக் கூட்டும் அல்லது குறைக்கும். காயம் பட்டால் 'ஸ்மேட்' புரதங்கள் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து கொலாஜன் உற்பத்தியைக் கூட்டுவது இப்படித்தான். காயம் ஆறிய பிறகும் அது குறையாவிட்டால் தழும்பு தடிக்கும். நுரையீரலில் அப்படி நடந்தால் மூச்சு விடுவதே சிரமமாகிவிடும்.

எலும்பு விஷயம் இன்னும் சுவாரஸ்யம். ஆல்ஃபா-1 மரபணுவில் 'எஸ்.பி.1' என்ற ஃபேக்டர் ஒட்டும் இடத்தில், சிலருக்கு 'ஜி' என்ற டி.என்.ஏ எழுத்துக்குப் பதில் 'டி' இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவாகவும், எலும்பு முறிவு அதிகமாகவும் இருப்பதை 1996-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

ஏன்? எழுத்து மாறியதும் எஸ்.பி.1 இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. ஆல்ஃபா-1 உற்பத்தி கூடுகிறது. ஆல்ஃபா-2 கூடுவதில்லை. 2:1 என்பது 2.3:1 ஆகிவிடுகிறது. அந்த உபரி இழையால்தான் எலும்பின் தரம் கெடுகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். கூடுதல் உற்பத்தி, குறைந்த பலம்!

இதற்காக ஜீன் டெஸ்ட் எடுக்க ஓட வேண்டாம். பிறகு ஐரோப்பாவில் 20,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், இந்த மாற்றத்தின் பாதிப்பு சிறிய அளவுதான் என்று தெரியவந்தது.

சரி, பவுடர்? குடித்ததும் குடலில் அது அமினோ அமிலங்களாகவும் குட்டிக் குட்டிப் புரதத் துண்டுகளாகவும் உடைந்துவிடும். எந்த இழை எத்தனை வேண்டும் என்ற கணக்கு அந்த டப்பாவில் வருவதில்லை.