நூறு கோடி வசூல்: லாபமா, நட்டமா?

சினிமா என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? பொங்கல் வந்தாலும் புதுப்படம். தீபாவளி வந்தாலும் புதுப்படம். படம் வந்த மூன்றாம் நாள் சுவரில் புதிய சுவரொட்டி ஒட்டுகிறார்கள். "100 கோடி வசூல்!" என்று அதில் பெரிய எழுத்தில் இருக்கும்.

டீக்கடையில் பேச்சு தொடங்குகிறது. "தயாரிப்பாளருக்கு நல்ல யோகம். நூறு கோடி கிடைத்துவிட்டது" என்கிறார் ஒருவர். "அட போங்க, அந்தப் படம் நட்டமாம்" என்கிறார் மற்றவர். நூறு கோடி வசூலான படம் எப்படி நட்டமாகும்? இந்தக் கேள்விக்கு விடை காண்போம்.

கடலை விற்ற கணக்கு

சினிமாவுக்குப் போகும் முன் நம் வயலுக்குப் போவோம். ஒரு விவசாயி கடலை விற்கிறார். கையில் 50,000 ரூபாய் வருகிறது. அவருக்கு 50,000 ரூபாய் லாபம் என்று நாம் சொல்வோமா? சொல்ல மாட்டோம். விதைக்கு எவ்வளவு? உரத்துக்கு எவ்வளவு? களை எடுத்த கூலி எவ்வளவு? வாங்கிய கடனுக்கு வட்டி எவ்வளவு? இவை எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். மிச்சம் நின்றால்தான் லாபம்.

சினிமாவும் அப்படித்தான். விற்ற தொகைக்கு வசூல் என்று பெயர். செலவு போக நிற்பதே லாபம். போட்ட பணம் மட்டும் திரும்பி வந்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. முதல் தேறியது என்று சொல்கிறோம். ஒரு படத்துக்கு எவ்வளவு வசூலானால் முதல் தேறும்? இதுதான் இன்று இந்தியா முழுவதும் சினிமாக்காரர்களிடையே நடக்கும் வாதம்.

செலவு எங்கே போகிறது?

பெரிய படத்தில் நடிகர் சம்பளம் பெரிய செலவு. இயக்குநர், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர் ஆகியோருக்குச் சம்பளம் உண்டு. அரண்மனை, கோட்டை போன்ற அரங்குகளைக் கட்ட வேண்டும். தச்சர், பெயிண்டர், தையற்காரர், லைட்மேன், சமையற்காரர், வேன் ஓட்டுநர் என்று நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். கம்ப்யூட்டரில் காட்சிகளை உருவாக்கவும் பணம் வேண்டும். கடைசியில் விளம்பரச் செலவு.

கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்றும் உண்டு. அது வட்டி. பத்துக் கோடி ரூபாய் கடன் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 20 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். மழையால் படப்பிடிப்பு நின்றாலும் வட்டி நிற்காது. 1998ஆம் ஆண்டில்தான் மத்திய அரசு சினிமாவை ஒரு தொழிலாக ஏற்றது. வங்கிக் கடன் பெற அதன் பிறகே வழி பிறந்தது. அதுவரை தனியார் வட்டிக்காரர்களையே பெரும்பாலும் நம்ப வேண்டியிருந்தது. இன்றும் தனியார் கடன் மறையவில்லை.

செலவு எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். 1975இல் வந்த 'ஷோலே' என்ற இந்திப் படத்துக்குச் சுமார் 3 கோடி ரூபாய் செலவானது. அன்று அது மிகப் பெரிய தொகை. 2017இல் வந்த 'பாகுபலி' இரண்டாம் பாகத்துக்குச் சுமார் 250 கோடி ரூபாய் செலவானதாகச் சொல்கிறார்கள்.

ஒரு டிக்கெட்டின் பயணம்

இப்போது நாம் கொடுக்கும் டிக்கெட் பணத்தைப் பின்தொடர்வோம். நகரத்தில் ஒரு பெரிய தியேட்டர். டிக்கெட் விலை வரியோடு சேர்த்து 236 ரூபாய்.

முதலில் வரி போகிறது. 2017 ஜூலை மாதத்துக்கு முன் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே கேளிக்கை வரி வாங்கியது. அதன் பிறகு நாடு முழுவதும் ஜி.எஸ்.டி. வரி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல், 100 ரூபாய் வரை உள்ள டிக்கெட்டுக்கு 5 சதவீத வரி. அதற்கு மேல் உள்ள டிக்கெட்டுக்கு 18 சதவீத வரி. சதவீதம் என்றால் நூற்றுக்கு இவ்வளவு என்று பொருள். நம் டிக்கெட்டில் 36 ரூபாய் வரியாகப் போகிறது. மீதி 200 ரூபாய்.

அடுத்தது தியேட்டரின் பங்கு. தியேட்டர்காரருக்கு மின்சாரக் கட்டணம், ஊழியர் சம்பளம், வாடகை எல்லாம் உண்டு. இந்தப் பங்கைப் பற்றி 2009இல் ஒரு பெரிய தகராறு வந்தது. இந்திப் படத் தயாரிப்பாளர்களும் விநியோகஸ்தர்களும் ஒரு பக்கம். பல திரைகள் கொண்ட மல்டிபிளெக்ஸ் தியேட்டர்கள் மறு பக்கம். சுமார் இரண்டு மாதம் அந்தத் தியேட்டர்களுக்குப் புது இந்திப் படம் வரவில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வரி போக மீதி உள்ள ஒவ்வொரு நூறு ரூபாயிலும் படத்துக்காரர்களுக்குக் கிடைப்பது இது:

முதல் வாரம் 50 ரூபாய்.
இரண்டாம் வாரம் 42 ரூபாய் 50 காசு.
மூன்றாம் வாரம் 37 ரூபாய் 50 காசு.
அதற்குப் பின் 30 ரூபாய்.

மீதி தியேட்டருக்கு. மொழிக்கு மொழி, ஊருக்கு ஊர் இந்தப் பங்கு மாறும். நம் கணக்குக்குப் பாதிப் பாதி என்று வைத்துக்கொள்வோம்.

டிக்கெட் விலை 236 ரூபாய்.
வரி 36 ரூபாய்.
தியேட்டர் பங்கு 100 ரூபாய்.
படத்துக்காரர் பங்கு 100 ரூபாய்.

நாம் கொடுத்த 236 ரூபாயில் படத்தின் பக்கம் வந்தது 100 ரூபாய். இதிலும் விநியோகஸ்தரின் கமிஷன் போக வேண்டும்.

சுவரொட்டிக் கணக்கு

இப்போது சுவரொட்டிக்கு வருவோம். "100 கோடி வசூல்" என்றால் அது பெரும்பாலும் ரசிகர்கள் கொடுத்த மொத்தப் பணம். வரியும் அதற்குள் இருக்கிறது. நம் டிக்கெட் கணக்குப்படி வரி சுமார் 15 கோடி. மீதி 85 கோடி. அதில் தியேட்டருக்குப் பாதி போனால் படத்தின் பக்கம் வருவது சுமார் 42 கோடி.

அந்தப் படத்துக்கு 60 கோடி செலவாகியிருந்தால்? தியேட்டர் வரவில் மட்டும் 18 கோடி குறைகிறது. சுவரொட்டியில் 100 கோடி. கணக்குப் புத்தகத்தில் பள்ளம்.

60 கோடி முதல் தேற எவ்வளவு வசூலாக வேண்டும்? நம் கணக்குப்படி சுமார் 142 கோடி. அதாவது செலவைப் போல இரண்டே கால் மடங்குக்கும் மேல்.

வாதம் ஏன் தீரவில்லை?

"செலவைப் போல இரண்டு மடங்கு வசூலானால் போதும்" என்கிறார்கள் சிலர். "இரண்டரை மடங்கு வேண்டும்" என்கிறார்கள் வேறு சிலர். "படம் வரும் முன்பே பாதிப் பணம் வந்துவிட்டது" என்பவர்களும் உண்டு. இவர்கள் ஒத்துப்போகாததற்குக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம், உண்மைச் செலவு வெளியே தெரிவதில்லை. படம் பிரம்மாண்டம் என்று காட்டத் தொகையைக் கூட்டிச் சொல்லலாம். படம் வெற்றி என்று காட்டக் குறைத்தும் சொல்லலாம். விளம்பரத்தையும் வட்டியையும் சேர்த்தார்களா என்பதும் தெரியாது.

இரண்டாவது காரணம், வசூலை எல்லோரும் ஒரே மாதிரி சொல்வதில்லை. இந்திப் பட வியாபாரத்தில் வரியைக் கழித்துச் சொல்வது பழைய வழக்கம். தென்னிந்தியப் படங்களுக்குப் பெரும்பாலும் வரியோடு சேர்த்துச் சொல்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்குத் தப்பும்.

மூன்றாவது காரணம், தியேட்டர் மட்டுமே வருமானம் அல்ல. பாட்டு உரிமை, டி.வி. உரிமை, வெளிநாட்டு உரிமை, வேறு மொழி உரிமை என்று பல உண்டு. செல்போனிலும் வீட்டு டி.வி.யிலும் இணையம் வழியாகப் படம் காட்டும் நிறுவனங்களும் பெரும் தொகை கொடுக்கின்றன. இந்தப் பணத்தைச் சேர்த்தால் ஒரு விடை. சேர்க்காவிட்டால் வேறு விடை.

லாபம் யாருக்கு? நட்டம் யாருக்கு?

எல்லாவற்றிலும் முக்கியமான காரணம் இதுதான். ஒரு படம் பல கைகள் மாறுகிறது. தயாரிப்பாளர் விநியோகஸ்தருக்கு விற்கிறார். விநியோகஸ்தர் தியேட்டருக்குத் தருகிறார். ஒரு கையில் லாபம் நிற்கும்போதே மறு கையில் நட்டம் விழலாம்.

விற்பதில் மூன்று முறைகள் உண்டு. முதல் முறையில் விநியோகஸ்தர் ஒரு தொகையைக் கொடுத்துவிடுகிறார். படம் ஓடாவிட்டாலும் அது திரும்பாது. இதை மினிமம் கியாரண்டி என்பார்கள். இரண்டாம் முறையில் முன்பணம் கொடுக்கிறார். வசூல் குறைந்தால் குறைந்த தொகையைத் திரும்பக் கேட்கலாம். மூன்றாம் முறையில் கமிஷனுக்கு மட்டும் படத்தை வெளியிடுகிறார். நட்டம் வந்தால் தயாரிப்பாளருக்கு.

60 கோடியில் எடுத்த படத்தை 80 கோடிக்கு மினிமம் கியாரண்டியில் விற்றதாக வைத்துக்கொள்வோம். தயாரிப்பாளருக்கு 20 கோடி மிச்சம். வாங்கியவர்களுக்கு வந்த பங்கு 50 கோடி என்றால் அவர்களுக்கு 30 கோடி நட்டம். "படம் வெற்றி" என்று தயாரிப்பாளர் சொல்வதும் உண்மை. "படம் நட்டம்" என்று விநியோகஸ்தர் சொல்வதும் உண்மை. டீக்கடையில் இருவரும் சொன்னது சரிதான்!

இந்த நட்டம் பெரிய மனிதர்களோடு நிற்பதில்லை. சிற்றூரில் ஒற்றைத் திரை வைத்திருப்பவரும் கடன் வாங்கி முன்பணம் கட்டுகிறார். இரண்டு மூன்று படங்கள் காலை வாரினால் தியேட்டரைப் பூட்ட வேண்டியதுதான். டிக்கெட் கிழிப்பவர், படம் ஓட்டுபவர், கூட்டிப் பெருக்கும் அம்மா, வாசலில் கடலை விற்பவர் எல்லோர் பிழைப்பும் அதோடு போகிறது. பூட்டிய தியேட்டர் பல ஊர்களில் கல்யாண மண்டபமாகவும் கடைகளாகவும் மாறிவிட்டது.

காத்திருந்த காலம்

'ஷோலே' வந்த முதல் சில நாட்களில் கூட்டம் குறைவு. படம் தோல்வி என்று வியாபாரிகள் எழுதியும் விட்டார்கள். பார்த்தவர்கள் சொல்லச் சொல்லக் கூட்டம் சேர்ந்தது. பம்பாய் மினர்வா தியேட்டரில் அது ஐந்து ஆண்டுகள் ஓடியது.

எல்லாப் படத்துக்கும் அந்த யோகம் இல்லை. ராஜ் கபூர் பல ஆண்டுகள் உழைத்து எடுத்த 'மேரா நாம் ஜோக்கர்' 1970இல் வந்தது. நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். அது ஓடவில்லை. அவர் பெரும் கடனில் மாட்டிக்கொண்டார். 1973இல் 'பாபி' என்ற படம் வந்து அவரைக் காப்பாற்றியது.

இன்று காத்திருக்க நேரம் இல்லை. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான திரைகளில் படம் வருகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை வேறு படம் வந்துவிடும். பெரும்பங்கு வசூல் முதல் வாரத்திலேயே முடிகிறது. அதனால்தான் மூன்றாம் நாளே 100 கோடி என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். அது கணக்கு அறிக்கை அல்ல. நம்மைத் தியேட்டருக்கு அழைக்கும் விளம்பரம்.

இரண்டு ரூபாய் தயாரிப்பாளர்கள்

முதல் தேறுமா என்ற பயத்தைப் பங்கு போட்டுக்கொண்ட படமும் நம் நாட்டில் உண்டு. அதன் பெயர் 'மந்தன்'. 1976இல் வந்தது. மந்தன் என்றால் கடைதல். குஜராத்தின் பால் கூட்டுறவுச் சங்கங்கள் வளர்ந்த விதத்தைச் சொல்லும் கதை. ஷியாம் பெனகல் இயக்கினார்.

படத்துக்கு 10 லட்சம் ரூபாய் தேவைப்பட்டது. சங்கத்தில் பால் ஊற்றும் விவசாயிகள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். படம் வந்ததும் தங்கள் படத்தைப் பார்க்கக் கிராமம் கிராமமாக லாரிகளில் வந்தார்கள். தயாரிப்பாளரும் அவர்களே, ரசிகரும் அவர்களே. படம் ஓடாமல் போயிருந்தாலும் ஒருவருக்கு 2 ரூபாய்தான் நட்டம். யார் வீடும் ஏலத்துக்குப் போயிருக்காது.

எல்லாப் படத்தையும் இப்படி எடுக்க முடியாது. ஆனால் ஒன்று தெளிவாகிறது. செலவு எவ்வளவு என்று கேட்டால் மட்டும் போதாது. அந்தச் சுமையை யார் தாங்குகிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

அடுத்த முறை "100 கோடி வசூல்" என்று படித்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். வரியோடா, வரி போகவா? செலவு எவ்வளவு? லாபம் யார் கையில், நட்டம் யார் தலையில்?

நீங்களே கணக்குப் போடுங்கள்

ஒரு டிக்கெட் 177 ரூபாய். அதில் வரி 27 ரூபாய். மீதியில் பாதி தியேட்டருக்கு. படத்தின் பக்கம் எவ்வளவு வரும்?

விடை: 75 ரூபாய்.