தீப்பிடித்தால் ஓட வழி உண்டா?
பூட்டிய கதவு எமன் ஆகும்! முதலாளிகளே உஷார்

தாம்பரம்

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஜி.எஸ்.டி. ரோடு நெடுக மாடி மாடியாகக் கடைகள். சானடோரியத்தில் 1984-ம் ஆண்டு முதல் ஏற்றுமதி வளாகம். அங்கே வேலைக்குப் போகும் ஆண்களும் பெண்களும் ஏராளம்.

திடீரென்று தீப்பிடித்தால் இவர்கள் எந்த வழியாக வெளியே ஓடுவார்கள்?

"பின்பக்கம் ஒரு கதவு இருக்கு சார். ஆனா பூட்டியிருக்கும்" என்று ஊழியர் சொல்லும் நிலை இருந்தால், அது கடை அல்ல, பொறி!

2 பேர் பலி

தாம்பரத்தில் இருந்து மின்சார ரெயில் ஏறினால் மாம்பலம். அதை ஒட்டிய ரங்கநாதன் தெருவில், 2008 செப்டம்பர் 1-ந் தேதி சரவணா ஸ்டோர்ஸ் கடையில் தீப்பிடித்தது. உள்ளே சிக்கிய ஊழியர்கள் 2 பேர் பிணமானார்கள்.

2017 மே 31-ந் தேதி அதிகாலை, அதே தியாகராயநகர் உஸ்மான் ரோட்டில் சென்னை சில்க்ஸ் ஜவுளிக்கடை பற்றி எரிந்தது. உள்ளே இருந்த ஊழியர்களை மீட்டு விட்டார்கள். ஆனால் தீயை உடனே அடக்க முடியவில்லை. மறுநாள் கட்டிடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

இரண்டுமே கடையில் வாடிக்கையாளர் கூட்டம் இல்லாத நேரம். தீபாவளிக் கூட்டத்தில் நடந்திருந்தால்? நினைத்தாலே குலை நடுங்குகிறது!

திருட்டுக்குப் பயந்து பூட்டு

அமெரிக்காவில் நியூயார்க் நகரில், 1911 மார்ச் 25-ந் தேதி ஒரு தையல் கம்பெனியில் தீப்பிடித்தது. பெரும்பாலும் இளம்பெண்கள், 146 பேர் மாண்டார்கள். தொழிலாளர்கள் துணி திருடி விடுவார்கள் என்று 9-வது மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவைப் பூட்டி வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது.

ஆள் உள்ளே இருக்கும்போது வெளியேறும் கதவைப் பூட்டக் கூடாது என்று நம் நாட்டில் 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 2025 நவம்பர் 21-ந் தேதி புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. வேலை செய்யும் இடத்தை ஆபத்து இல்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று அதுவும் சொல்கிறது.

தீ தடுப்புக் கதவு

தீ விபத்தில் நெருப்பு சுடுவதற்கு முன்பே புகை ஆளை மயக்கி விடும். படிக்கட்டில் புகை ஏறி விட்டால் மாடியில் உள்ளவர்கள் கதி அதோகதி! அதைத் தடுக்கத்தான் படிக்கட்டு வாசலில் தீ தடுப்புக் கதவு.

தப்பிக்கும் வழியில் உள்ள இந்தக் கதவு 120 நிமிடம் தீயைத் தாங்க வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டு தேசியக் கட்டிட விதித் தொகுப்பு. அந்த நேரத்துக்குள் எல்லோரும் கீழே இறங்கி விடலாம்.

திறந்து விட்டால் தானாகவே மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் இதன் உயிர்நாடி. "புழுக்கமா இருக்குப்பா, காத்து வரட்டும்" என்று செங்கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்தால் போச்சு! எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கதவும் வெறும் பலகைதான்.

செய்ய வேண்டியது என்ன?

* வெளியேறும் கதவு சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும்.

* படிக்கட்டில் அட்டைப்பெட்டி, துணி மூட்டை அடுக்கக் கூடாது.

* தீ அணைக்கும் கருவியை மாட்டினால் மட்டும் போதாது. அதை இயக்க ஊழியர்களுக்குக் கற்றுத்தர வேண்டும்.

* எந்த வழியாக ஓடுவது, எங்கே கூடுவது என்று ஒத்திகை நடத்த வேண்டும்.

* கடை மாடியிலேயே ஊழியர்களைத் தூங்க வைத்து விட்டு ஷட்டரை வெளியே பூட்டிப் போவது கொலைக்குச் சமம்!

சரக்கு எரிந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைக்கும். ஊரில் இருந்து வேலைக்கு வந்த பிள்ளையின் உயிர் போனால், பெற்றவளுக்கு யார் பதில் சொல்வது?

தீப்பிடித்தால் உடனே 101 அல்லது 112-க்கு போன் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் இன்றைக்கே பின்கதவுப் பூட்டைக் கழற்ற வேண்டும்!